இடம்பெயர்ந்தோரைக் கணக்கிடுவது எப்படி: பேரிடர், போர்க் காலக் களப்பணிக்கான வழிகாட்டி

வெள்ளமோ நிலநடுக்கமோ போரோ, எது நேர்ந்தாலும் முதல் நாளிலேயே எழும் கேள்வி, எத்தனை பேர் வீடு வாசலை விட்டு வெளியேறியிருக்கிறார்கள் என்பதுதான். உணவு, குடிநீர், தார்ப்பாய், மருந்து என அனைத்தும் அந்த எண்ணிக்கையை வைத்தே பங்கிடப்படுகின்றன. அதே எண்ணிக்கை பல ஆண்டுகள் கழித்து இழப்பீட்டு வழக்கிலும், மறுகுடியேற்றத் திட்டத்திலும் சான்றாக வந்து நிற்கும். ஆகவே, யாரை எண்ணினோம், எந்த நாளில் எண்ணினோம், எவ்வாறு எண்ணினோம் என்ற மூன்றும் எண்ணுடன் சேர்ந்தே பயணிக்க வேண்டும். இவை இல்லாத எண், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முடிவெடுக்க உதவாது. மாவட்ட அளவில் நிவாரணப் பணி செய்யும் தொண்டு நிறுவனம், உள்ளாட்சி அமைப்பு, தன்னார்வக் குழு ஆகியவற்றை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

யாரை எண்ணப் போகிறோம்

ஐக்கிய நாடுகள் அவையில் 1998இல் முன்வைக்கப்பட்ட உள்நாட்டு இடப்பெயர்வு குறித்த வழிகாட்டு நெறிகளே இன்றளவும் பெரும்பாலான அமைப்புகளுக்கு அடிப்படை. அதன்படி, ஆயுத மோதல், பரவலான வன்முறை, மனித உரிமை மீறல், இயற்கையாலோ மனிதராலோ நேர்ந்த பேரிடர் ஆகியவற்றின் விளைவாக, அல்லது அவற்றின் பாதிப்பிலிருந்து தப்புவதற்காக, வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டு வெளியேற நிர்ப்பந்திக்கப்பட்டு, நாட்டின் எல்லையைத் தாண்டாமல் இருப்பவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் ஆவர்.

இந்த வரையறையில் களப்பணியாளர்கள் பெரும்பாலும் தவறவிடும் இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, ‘தப்புவதற்காக’ என்ற சொல். புயல் கரையைக் கடக்கும் முன்பே அரசு ஏற்பாட்டில் பாதுகாப்பு மையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. இரண்டு நாளில் வீடு திரும்பினாலும் அந்த நகர்வு கணக்கில் சேர வேண்டும். இரண்டாவது, வரையறை ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ என்றுதான் பேசுகிறது, ‘சொந்த வீடு’ என்று பேசவில்லை. வாடகைக்குக் குடியிருந்தவர், பணியிடத்திலேயே தங்கியிருந்த கூலித் தொழிலாளி, நடைபாதையில் வாழ்ந்தவர், ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்து வந்து அங்கே தங்கியிருந்தவர் என அனைவரும் இதில் அடங்குவர். வீட்டுப் பட்டாவைக் கேட்டு எண்ணத் தொடங்கும் குழு, மிகவும் நலிந்தவர்களை முதல் நாளிலேயே கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது.

‘பாதிக்கப்பட்டவர்’ என்பதும் ‘இடம்பெயர்ந்தவர்’ என்பதும் வேறு வேறு என்பதையும் குழுவினர் அனைவருக்கும் தெளிவுபடுத்திவிட வேண்டும். 2022இல் பாகிஸ்தானில் ஏற்பட்ட வெள்ளத்தில் பாதிக்கப்பட்டோர் 3.3 கோடிப் பேர் என்று சொல்லப்பட்டது. இடப்பெயர்வுகளின் மதிப்பீடோ சுமார் 82 லட்சம். இரண்டுமே பெரிய எண்கள், இரண்டுமே பயனுள்ளவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் முகாம்களுக்கான தேவை நான்கு மடங்காகத் தோன்றிவிடும்.

இருப்பும் நகர்வும்

அடுத்துத் தீர்மானிக்க வேண்டியது, குறிப்பிட்ட நாளில் இடம்பெயர்ந்த நிலையில் இருப்பவர்களை எண்ணுகிறோமா, அல்லது ஒரு காலகட்டத்தில் நிகழ்ந்த நகர்வுகளை எண்ணுகிறோமா என்பது. ஜெனீவாவில் இயங்கும் உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையத்தின் கணக்கு இதை நன்கு காட்டுகிறது. 2024ஆம் ஆண்டில் பேரிடர்களால் நிகழ்ந்த உள்நாட்டு நகர்வுகள் 4.58 கோடி. ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் பேரிடர் காரணமாக இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்கள் சுமார் 98 லட்சம் பேர்தான். மோதலைப் பொறுத்தவரை நிலை தலைகீழ்: அந்த ஆண்டின் நகர்வுகள் சுமார் 2 கோடி, ஆண்டிறுதியில் இடம்பெயர்ந்திருந்தவர்களோ 7.35 கோடிப் பேர். புயலுக்கு அஞ்சி வெளியேறுபவர்களில் பெரும்பாலோர் சில நாளில் திரும்பிவிடுகிறார்கள். போரால் வெளியேறியவர்கள் ஆண்டுக்கணக்கில் திரும்ப முடியாமல் சேர்ந்துகொண்டே போகிறார்கள்.

ஒரே ஆள் ஓராண்டில் மூன்று முறை ஓட நேர்ந்தால் நகர்வுக் கணக்கில் அது மூன்று, இருப்புக் கணக்கில் ஒன்று. இரண்டையும் கூட்டக் கூடாது. ஒரே வரைபடத்தில் ஒரே கோட்டில் காட்டவும் கூடாது. மூன்றாவதாக, ஒட்டுமொத்தப் பதிவு என்றொரு வகையும் உண்டு. கொலம்பியாவில் மோதலால் பாதிக்கப்பட்டோருக்கான அரசுப் பதிவேடு 1985 முதல் நிகழ்ந்தவற்றைக் கணக்கில் கொள்கிறது. அதில் இடப்பெயர்வுக்கு ஆளானோராகப் பதிவானவர்கள் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர். வரலாற்றுக்கும் இழப்பீட்டுக்கும் அந்த எண் இன்றியமையாதது. இன்றிரவு எத்தனை பேருக்குத் தங்குமிடம் வேண்டும் என்பதற்கு அது விடையாகாது. உங்கள் பணி இம்மூன்றில் எதற்கானது என்பதைப் படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

இடப் பட்டியலைத் தயாரித்தல்

ஆட்களை எண்ணுவதற்கு முன் இடங்களை எண்ண வேண்டும். சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு 2004இல் ஈராக்கில் தொடங்கிப் பின்னர் பல நாடுகளில் விரிவுபடுத்திய இடப்பெயர்வுக் கண்காணிப்பு முறையும் இப்படித்தான் செயல்படுகிறது: முதலில் பெரிய நிருவாகப் பிரிவுகளில் விசாரித்து, இடம்பெயர்ந்தோர் இருப்பதாகச் சொல்லப்படும் ஊர்களைப் பட்டியலிட்டு, பிறகு ஒவ்வோர் ஊருக்கும் முகாமுக்கும் நேரில் சென்று சரிபார்ப்பது.

பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் மாறாத குறியீட்டு எண் ஒன்று தேவை. ஒரே ஊரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு ஒரே பெயர் இருப்பதும் உண்டு. அரசின் நிருவாகக் குறியீடுகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். புதிதாக முளைத்த முகாம்களுக்கு மட்டும் கூடுதல் எண் கொடுங்கள்.

முகாம்களோடு நின்றுவிடுவதுதான் இப்பணியில் மிகப் பரவலான குறை. பல நெருக்கடிகளில் இடம்பெயர்ந்தோரில் பெரும்பகுதியினர் உறவினர் வீடுகளிலும், வாடகை அறைகளிலும், கட்டி முடிக்கப்படாத கட்டடங்களிலும்தான் தங்கியிருக்கிறார்கள். கூடாரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தை எண்ணுவது எளிது, படம் எடுப்பதும் எளிது. ஒரே அறையில் நான்கு குடும்பங்கள் ஒடுங்கியிருக்கும் வீட்டை யாரும் சொல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. ஆதலால் பள்ளி, சுகாதார நிலையம், குடிநீர் விநியோகிக்கும் இடம், வழிபாட்டுத் தலம் ஆகியவற்றில், வழக்கத்துக்கு மாறாகக் கூட்டம் கூடியிருக்கிறதா என்று விசாரித்தே இத்தகைய இடங்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

தகவல் தருவோரிடம் விசாரித்தல்

ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட நேரமும் ஆளும் இருக்காது. எனவே ஊர்த் தலைவர், ஆசிரியர், செவிலியர், முகாம் பொறுப்பாளர், இடம்பெயர்ந்தோரின் பிரதிநிதி போன்றோரிடம் கேட்டுத் தொகுப்பதே நடைமுறை. ஓர் இடத்துக்கு ஒருவரோடு நிறுத்தக் கூடாது. மூவரையாவது தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது இடம்பெயர்ந்து வந்தவராகவும் இருக்க வேண்டும்.

கேள்வியின் வரிசை முக்கியம். ‘எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்’ என்று நேராகக் கேட்டால், நிவாரணம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் உருண்டையான ஒரு பெரிய எண் வரும். அது பொய் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை; தம் மக்களுக்குப் பற்றாக்குறை வந்துவிடக் கூடாது என்ற அக்கறையும் அதில் இருக்கும். எந்தெந்தத் தெருவில், எந்தெந்தக் கட்டடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டு, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வந்து, கடைசியில் மொத்தத்தைச் சொல்லிச் சரிதானா என்று கேட்பதே நல்லது. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும், ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்’ என்ற கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஊர்த் தலைவர் 400 குடும்பங்கள் என்கிறார். பள்ளித் தலைமையாசிரியர் வகுப்பறைகளில் 60 குடும்பங்கள் இருப்பதாகச் சொல்கிறார். சமையல் பொறுப்பாளரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் 230 குடும்பங்களின் பெயர்கள், 45 பெயர்கள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றன. இம்மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைப்பது பொருளற்ற ஓர் எண். தலைமையாசிரியர் தம் பள்ளியை மட்டும் சொன்னார். தலைவர், வந்து போனவர்கள் அனைவரையும் சேர்த்துச் சொன்னார். நோட்டில் அடிக்கப்படாமல் எஞ்சியிருப்பவை 185. அந்த 185இல் பள்ளியிலுள்ள 60 அடங்குமா, உறவினர் வீடுகளில் தங்கிச் சமைத்துக்கொள்பவர்கள் நோட்டில் இருக்கிறார்களா என்று அடுத்த இரண்டு கேள்விகளைக் கேட்டால், ஏறத்தாழச் சரியான எண் வந்துவிடும். அந்த அடித்த பெயர்களை விட்டுவிடாதீர்கள். அந்த 45 குடும்பங்கள் எப்போது போயின, வீடு திரும்பினவா, வேறு முகாமுக்குச் சென்றனவா என்பதை அந்த ஊரில் அறிந்திருப்பவர் அநேகமாக அந்த நோட்டை வைத்திருப்பவர் ஒருவராகத்தான் இருப்பார்.

குடும்பம் என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே வரையறுத்துவிட வேண்டும். ஒரே உலையில் சமைத்து உண்போர் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்புகளில் பழகிய அளவுகோல். ஆனால் முகாமில் பொதுச் சமையல் நடக்கும்போது அது பொருந்தாது. வெள்ளக் காலங்களில் ஆண்களில் சிலர் வீட்டையும் கால்நடைகளையும் காக்க ஊரிலேயே தங்கிவிட, பெண்களும் குழந்தைகளும் மட்டும் முகாமுக்கு வருவதும் உண்டு. குடும்ப எண்ணிக்கையை வழக்கமான சராசரியால் பெருக்கினால் அங்கே இல்லாதவர்களும் கணக்கில் ஏறிவிடுவார்கள். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து குடும்பங்களையாவது நேரில் பார்த்து, நேற்றிரவு இங்கே உறங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, அவ்விடத்துக்குரிய சராசரியை வருவித்துக்கொள்வது நல்லது. பகலில் வேலைக்கோ, வீட்டைச் சுத்தம் செய்யவோ போய்விடுபவர்கள் உண்டு என்பதால்தான் இரவை அளவாகக் கொள்கிறோம்.

வயது, பாலினம் ஆகியவற்றையும் இந்தச் சிறு மாதிரியிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா என்று நேராகக் கேட்டால் பலரும் இல்லை என்றே சொல்வார்கள். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைத் தானே பேணுவது, பிறரோடு பேசிப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று கேட்கும், மாற்றுத்திறனாளிகள் குறித்த புள்ளிவிவரங்களுக்கான ஐ.நா. சார்ந்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் இதற்காகவே வடிவமைக்கப்பட்டவை; அவற்றை அப்படியே பயன்படுத்தலாம்.

இரட்டைக் கணக்கைத் தவிர்த்தல்

மக்கள் நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஒரே குடும்பம் இரண்டு பட்டியல்களில் இடம்பெறுவது இயல்பு. உள்ளே வருபவரைப் பதிவதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். வெளியே போகிறவரை நீக்குவதில் அந்தக் கவனம் இருப்பதில்லை. பழைய முகாமின் பெயர்ப் பட்டியலில் இருந்தால்தான் அங்கு பொருள் கிடைக்கும் என்ற நிலையில் குடும்பத்தினரும் பெயரை நீக்கச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் உதவும். ஒரு சுற்றுக் கணக்கெடுப்புக்குரிய எல்லா இடங்களையும் சில நாள்களுக்குள் முடித்துவிட்டு, அனைத்தையும் ஒரே குறிப்பு நாளின் கணக்காகக் கேட்பது ஒன்று. முதலில் எந்த ஊரிலிருந்து கிளம்பினீர்கள், இங்கு வருவதற்குச் சற்று முன்பு எங்கே இருந்தீர்கள் என்று இரு கேள்விகளாகப் பிரித்துக் கேட்பது மற்றொன்று. ‘எங்கிருந்து வந்தீர்கள்’ என்ற ஒரே கேள்விக்குப் பாதிப் பேர் சொந்த ஊரையும் பாதிப் பேர் கடைசியாகத் தங்கிய முகாமையும் சொல்வார்கள். மூன்றாவதாக, சுற்றின் முடிவில் ஒவ்வொரு முகாமிலிருந்தும் போனதாகச் சொல்லப்பட்டவர்களையும், பிற இடங்களில் அங்கிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. பேருந்து நிலையம், ஆற்றுத்துறை, நாற்சந்தி போன்ற இடங்களில் ஆள் நிறுத்திக் கடந்து செல்வோரை எண்ணும் முறை போக்கைக் காட்டும். அந்த எண்ணை இருப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தொலைவிலிருந்து மதிப்பிடுதல்

சாலை துண்டிக்கப்பட்டிருக்கும்போதும், துப்பாக்கிச் சூடு ஓயாதபோதும் நேரில் செல்ல முடியாது. அப்போது கைகொடுப்பவை செயற்கைக்கோள் படங்களும், வீட்டுச் சேத அறிக்கைகளும், கைப்பேசித் தரவுகளும்.

இடிந்த வீடுகளின் எண்ணிக்கையைச் சராசரிக் குடும்ப அளவால் பெருக்கி இடம்பெயர்ந்தோரை மதிப்பிடுவது பரவலான வழக்கம். வேறு வழியில்லாதபோது இதைச் செய்யலாம். ஆனால் வீடு இடியாமலே அச்சத்தால் வெளியேறியவர்களை அது விட்டுவிடும், ஏற்கெனவே காலியாக இருந்த வீடுகளிலும் ஆளை ஏற்றிவிடும், அடுக்குமாடிக் கட்டடத்தை ஒரே வீடாக எண்ணிவிடும்.

கைப்பேசித் தரவுக்குச் சிறந்த சான்று ஹெய்ட்டி. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பின், பெயர் நீக்கப்பட்ட சிம் அட்டைகளின் நகர்வை ஆராய்ந்தவர்கள், அன்று தலைநகர் போர்ட்-ஓ-பிரான்ஸில் இருந்தவர்களில் சுமார் 6.3 லட்சம் பேர் 19 நாள்களுக்குள் வெளியேறியிருந்ததாக மதிப்பிட்டனர். எந்தெந்த மாகாணங்களுக்குப் போயினர் என்பதையும் காட்டினர். 2015இல் நேபாள நிலநடுக்கத்தின்போதும் இதே முறை பயன்பட்டது. கைப்பேசி இல்லாத குழந்தைகளும் முதியோரும் மிக ஏழைகளும் இத்தரவில் தென்பட மாட்டார்கள் என்பதையும், கோபுரம் விழுந்து இணைப்பு அற்றுப்போனதை ஊரே காலியானதாகக் கொண்டுவிடும் ஆபத்து இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. எங்கே முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இவை நல்ல துணை. நேரடி விசாரணைக்கு மாற்று என்று நான் கருதவில்லை.

வறட்சி, கடலரிப்பு போன்று மெல்ல மெல்ல வரும் பேரிடர்களில் இம்முறைகள் எதுவுமே சரிவரப் பொருந்தாது. குறிப்பிட்ட நாள் என்று ஒன்று இருக்காது. பிழைப்பு தேடிப் போனாரா, வேறு வழியின்றிப் போனாரா என்பது அவருக்கே தெளிவாக இருக்காது. காரணம் என்ன என்று ஒற்றை விடை கேட்பதைவிட, முதலில் எதை விற்றீர்கள், வீட்டில் முதலில் யார் வெளியேறினார், திரும்பிவர என்ன வேண்டும் என்று வரிசையாகக் கேட்டால் நிர்ப்பந்தத்தின் அளவு புலப்படும்.

பெயர்களும் பாதுகாப்பும்

எண்ணிக்கைக்கு மட்டுமான பணியில் பெயர், அடையாள எண், தொலைபேசி எண் எதையும் வாங்காதீர்கள். பொருள் வழங்கப் பதிவு தேவைப்பட்டால் அதைத் தனிப் படிவத்தில், தனி அனுமதியுடன், தனி இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தகவல் தருவது விருப்பத்தைப் பொறுத்தது என்பதையும், தகவல் தந்தால் நிவாரணம் நிச்சயம் என்று பொருள் கொள்ளக் கூடாது என்பதையும் பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மோதல் நடக்கும் பகுதிகளில் எண்ணிக்கையே ஆயுதமாகலாம். குறிப்பிட்ட இனத்தவரோ மதத்தவரோ எந்தக் கட்டடத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள் என்ற வரைபடம், அவர்களைத் துரத்துபவருக்கும் அதே அளவு பயன்படும். அத்தகைய சூழலில் ஊர் அளவிலான தரவை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு, மாவட்ட அளவிலான கூட்டுத்தொகையை மட்டும் வெளியிடுங்கள். ஓரிடத்தில் மிகச் சில குடும்பங்களே இருந்தால் பக்கத்து இடத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். களத்தில் எடுக்கும் படங்களில் இருப்பிடக் குறிப்பு தானாகவே பதிவாகக்கூடும் என்பதால், பகிரும் முன் அதை நீக்க வேண்டும். படிவங்களை யார் பார்க்கலாம், எந்த நாளில் அழிப்பது என்பதைப் பணி தொடங்கும் முன்பே எழுதி வைப்பது அவசியம். களத்தில் தகவல் திரட்டும் கோபோ, ஓ.டி.கே. போன்ற இலவசச் செயலிகளில் இணைய இணைப்பு இல்லாமலே பதிந்து பிறகு அனுப்ப முடியும் என்றாலும், அந்தக் கைப்பேசி வழியில் பறிக்கப்பட்டால் என்னவாகும் என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

கணக்கிலிருந்து எப்போது நீக்குவது

முகாம் காலியானால் இடப்பெயர்வு முடிந்தது என்று எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஹெய்ட்டியில் முகாம்களில் இருந்தோர் 2010இல் சுமார் 15 லட்சத்தைத் தொட்டுப் பின்னர் வேகமாகக் குறைந்தனர். ஆனால் வெளியேறியவர்கள் எல்லாரும் வீடு கண்டவர்கள் அல்லர், நில உரிமையாளர்களால் அப்புறப்படுத்தப்பட்டவர்களும் அவர்களில் இருந்தனர். முகாம் கணக்கில் குறைந்தவர்கள், வேறெந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சொந்த ஊருக்குத் திரும்புதல், வந்த இடத்திலேயே ஒன்றிவிடுதல், நாட்டின் வேறு பகுதியில் குடியமர்தல் என மூன்று வழிகளில் இடப்பெயர்வு முடிவுக்கு வரலாம். எதுவாயினும், பாதுகாப்பு, போதுமான வாழ்க்கைத்தரம், வேலை, வீடு மற்றும் நில உரிமை, ஆவணங்கள், குடும்பம் ஒன்றுசேர்தல், பொது வாழ்வில் பங்கு, நீதி ஆகிய எட்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது ஐ.நா. உள்ளிட்ட மனிதநேய அமைப்புகளின் கூட்டுக் குழு 2010இல் வெளியிட்ட சட்டகம். சிறிய குழுவால் எட்டையும் அளக்க இயலாது. ஆயினும், திரும்பியவர் தம் வீட்டுக்குள் வசிக்கிறாரா, இடிபாட்டின் பக்கத்தில் கூடாரம் போட்டிருக்கிறாரா என்ற ஒரு கேள்வியையாவது கேட்டு, இரு வகையினரையும் தனித்தனியாகக் காட்டலாம்.

வெளியிடும்போது

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே குறிப்பு நாள், சென்ற இடங்களின் எண்ணிக்கை, செல்ல முடியாத இடங்களின் பெயர்கள், தகவல் பெற்ற முறை ஆகியவை இருக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று ஒப்பிடும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப நிகழ்கிறது. முதல் சுற்றில் 80 இடங்களில் 12,000 பேர், இரண்டாம் சுற்றில் 110 இடங்களில் 15,600 பேர் என்று வைத்துக்கொள்வோம். இடப்பெயர்வு 30 சதவீதம் உயர்ந்தது என்று தலைப்புச் செய்தி வந்துவிடும். இரண்டு சுற்றிலும் பார்த்த அதே 80 இடங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அங்கே 10,900 பேர்தான் இருக்கிறார்கள். அதாவது எண்ணிக்கை குறைந்திருக்கிறது, உயர்ந்தது நாம் சென்ற இடங்கள்தாம். பொதுவான இடங்களின் மாற்றத்தையும், புதிதாகச் சேர்ந்த இடங்களின் எண்ணையும் எப்போதும் இரு வரிகளாக எழுதுங்கள்.

முதல் சில வாரங்களில் வாரம் ஒரு சுற்றும், நிலைமை அடங்கியபின் மாதம் ஒரு சுற்றும் போதும். முந்தைய சுற்றில் பிழை தெரியவந்தால் பழைய அறிக்கையை அழித்துவிடாமல், திருத்திய நாளையும் காரணத்தையும் குறித்துப் புதிய பதிப்பாக வெளியிட வேண்டும். பழைய எண்ணை வைத்து ஏற்கெனவே யாரேனும் பொருள் அனுப்பியிருப்பார்கள். அட்டவணையில் வெற்றுக் கட்டங்களை விடாதீர்கள். நேரில் சென்று, எவரும் இல்லை என்று உறுதி செய்த இடத்துக்கு மட்டுமே பூஜ்யம் போட வேண்டும். செல்ல முடியாத இடத்துக்கும், தொலைபேசியில் பதில் கிடைக்காத இடத்துக்கும் தனிக் குறியீடுகள் கொடுத்து, அடுத்த சுற்றின் பட்டியலில் அவ்விடங்களை முதலில் வையுங்கள்.